எல்லோரும் மேலே பார்த்த மாலை

அந்தக் கேள்வியை முதல் தடவை இங்கிலீஷில் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமாகிச் சித்தூரிலிருந்து குமுளிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. என் கணவரின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேகமாக உள்ளே வந்தார்.

“நீ காலேஜ்ல இங்கிலீஷ் படிச்சவளாமே. வா பிள்ள, ஒரு நிமிஷம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் சுற்றுலா வருகிறவர்களுக்கு. கீழே அவரும், ஜீப் ஓட்டும் கணவரும், நர்சிங் படிக்கும் மகளும். அன்றைக்கு மாடி வராந்தாவில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் இடியாப்பத்தைப் பிரிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இவங்ககிட்டக் கேளு. நூத்தம்பது, நூத்தி எழுபது வருஷம் முந்தி வானத்துல ஒரு வால்நட்சத்திரம் வந்துச்சே. தலை இல்ல. வால் மட்டும். அது அவங்க ஊர்ல தெரிஞ்சுதா?”

“ஏனுங்கக்கா, சாப்பிட்டுட்டு இருக்கறவங்ககிட்ட இதைப் போய் எப்படீங்க கேக்கறது?”

“வாயாலதான்.”

கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். வால்நட்சத்திரம் பற்றித் தெரியாது என்றார். ஆனால் அந்தக் காலத்தில் பாரிசில் ஜனங்கள் தெருவில் கற்களைக் குவித்து அரண் கட்டினார்கள், ராஜா பயந்துபோய் மாறுவேஷம் போட்டு, வேறு பெயர் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார் என்றார்.

நான் சொல்லச் சொல்ல அக்கா முன்னால் சாய்ந்து கேட்டார். எனக்கு அவர் பூரித்துப்போனது நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் அவர் கேட்டது யாரும் எதிர்பாராதது.

“ராசா ஓடுறதை எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. அந்த நேரத்துல அரமனைச் சமையக்காரி என்ன ஆனா? அவ எங்க போனா?”

பிரெஞ்சுக்கார அம்மாளுக்குத் தெரியவில்லை. இடியாப்பத் தட்டைத் தள்ளி வைத்தார். “என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை” என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஏழெட்டு வருஷம், குமுளியை விட்டு வரும்வரை.

அக்காவிடம் இருந்தது ஒரே குணம்தான். ஊரே கூடி ஒன்றை வேடிக்கை பார்க்கிறது என்றால் அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை காட்டுயானை இறங்கிவிட்டது என்று எல்லோரும் ஓடினோம். அக்காவும் வந்தார். யானையை அவர் சரியாகப் பார்த்தாரா என்பதே சந்தேகம். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் எல்லோரும் யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், “அந்தப் பிள்ளைக்கு ஏழாம் மாசம்” என்றார். சர்ச்சில் கல்யாணம் நடந்தால் மணமக்களைப் பார்க்க மாட்டார். வாசல் பக்கம் யார் அழுகிறார்கள், யார் சாப்பிடாமல் போகிறார்கள் என்று பார்ப்பார்.

காரணம் எனக்குத் தெரிந்தது அடுத்த மழைக்காலத்தில். கடையில் வியாபாரம் இல்லை. அக்கா என்னோடு உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். தானாகவே ஆரம்பித்தார்.

அவர் அப்பாவுக்குப் பூட்டி, கொள்ளுப்பாட்டி, ஒருத்தி இருந்தாள். தெற்கே, அன்றைய திருவிதாங்கூரின் வயல்காட்டில் ஒரு பண்ணையாரிடம் அடிமை. அடிமை என்றால் பேச்சுக்கு இல்லை. மாட்டைப் போல விற்கலாம், வாங்கலாம். அவளுக்குப் பிறந்த பிள்ளையும் பண்ணையாருக்குத்தான் சொந்தம். அவள் அங்கிருந்து மலை தாண்டிக் கிழக்கே இறங்கி, வடக்கே கம்பம் பக்கம் வந்து சேர்ந்தாள். அவள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் தேயிலைத் தோட்டத்துக்கு என்று குடும்பம் மறுபடி மலை ஏறியது. கதையில் இதுவரை வீட்டில் யாருக்கும் சண்டை இல்லை. அவள் எப்படி வந்தாள் என்பதில்தான் இரண்டு கட்சி.

“எங்கப்பா சொல்லுவாரு, சர்க்கார் எல்லா அடிமையையும் விடச் சொல்லிருச்சு, பண்ணையாரு நல்லவரு, சோறு போட்டு, ஒரு துணி குடுத்து அனுப்பிவச்சாருன்னு. மரியாதையா நடந்து வந்தாளாம்.”

“இன்னொண்ணுங்க?”

“எங்க பெரிய அத்தை வேற மாதிரி சொல்லும்.”

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். அத்தையின் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தது போல இருந்தது.

“மாசிக் கடைசி. அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு அடிக்காங்க. பூட்டியோட கைப்பிள்ளையைத் தூரத்துல ஒரு பண்ணைக்குக் குடுக்கப்போறதாப் பேச்சு. பொழுது சாயுது. மேக்க வெள்ளையா ஒரு கோடு நிக்குது, இங்கேருந்து அந்த மலை மட்டும் நீளம். தலையே இல்ல. வால்தான். களத்துல இருந்த அத்தனை பேரும் அண்ணாந்துட்டாங்க. பண்ணையாரு, கணக்கப்பிள்ளை, காவக்காரன், அடிமைங்க, எல்லாரும். இவ ஒருத்திதான் மேல பாக்கல. பாதையைப் பாத்தா. பிள்ளையை எடுத்து இடுப்புல வச்சா, நடந்தா. வரப்பு தாண்டினதும் ஓடினா.”

மழை தகர ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பாவுக்கு அத்தை கதை பிடிக்காது. ‘ஓடிப்போனவன்னு சொல்லாத, நாளைக்கு நம்ம பொம்பளப் பிள்ளைங்களைத்தான் பேசுவானுக’ம்பாரு. அத்தை விடாது. ரெண்டு பேரும் இப்ப இல்ல. எது நிசம்னு எனக்குத் தெரியணும் பிள்ள. அந்த வாலைப் பாத்தவங்க உலகத்துல வேற எங்கயாச்சும் இருப்பாங்கல்லா? வானம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

அதன்பிறகு எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் வரவில்லை.

யார் யாரோ வந்தார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர், பூரிக்கு அக்கா செய்த உருளைக்கிழங்கு மசாலாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “உருளைக்கிழங்கு செடியிலேயே அழுகிப்போனது” என்றார். ஜனங்களுக்கு வேறு சாப்பாடு இல்லை. சாகாதவர்கள் கப்பலேறினார்கள். அவர் முன்னோர்களில் பாதிப் பேர் எந்தக் கரையில் இறங்கினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப உருளைக்கிழங்கைக் கண்டா கோவம் வராதான்னு கேளு.”

அவர் சிரித்தார். தினமும் சாப்பிடுவதாகச் சொன்னார். அக்கா இன்னொரு கரண்டி வைத்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்தவர் தங்கத்தைப் பற்றிச் சொன்னார். ஆற்று மணலில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கடைக்காரன் கடையைப் போட்டது போட்டபடி, மாலுமி கப்பலைக் கரையில் விட்டபடி, கலிபோர்னியாவுக்கு ஓடினார்களாம். “பெண்டாட்டிமார் யாரும் அந்த நேரத்துல வேற பக்கமாப் போகலியா?” என்று அக்கா கேட்டார். அவர் மனைவி பக்கத்தில் இருந்தார். “போயிருந்தால் நல்லது” என்று அந்த அம்மாள் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஜப்பானிலிருந்து ஒரு இளம் ஜோடி. புகை கக்கும் கறுப்புக் கப்பல்கள் திடீரென்று அவர்கள் நாட்டு வளைகுடாவில் வந்து நின்றதையும், அதுவரை அந்நியர்களை உள்ளே விடாத நாடு அதன்பிறகு கதவைத் திறக்க வேண்டிவந்ததையும் அந்தப் பையன் கைகளால் கப்பல் காட்டிச் சொன்னான். அக்காவின் கண் மின்னியது.

“கரையில அத்தனை சனமும் கடலைப் பாத்திருக்கும். அன்னைக்கு அந்த ஊர்லயும் யாராச்சும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பா. எழுதி வச்சிருக்க மாட்டாங்க. ஆனா நடந்திருப்பா.”

அக்காவுக்கு இதெல்லாம் ஒரே சாயங்காலம் நடந்த மாதிரி. பாரிசில் ராஜா ஓடுகிறார், அயர்லாந்தில் கிழங்கு அழுகுகிறது, ஜப்பானில் கப்பல் வருகிறது, தெற்கே களத்துமேட்டிலிருந்து பூட்டி வரப்பில் இறங்குகிறாள். நடுவில் வருஷங்கள் இருக்கின்றன என்று நான் திருத்தப் பார்த்தேன்.

“நீ வருஷத்தைப் பாக்க. நான் ஆளைப் பாக்கேன்” என்றார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒருவர் ஊருக்குத் திரும்பி, அறை சுத்தம், சாப்பாடு நன்று, வீட்டுக்கார அம்மா விசித்திரமான கேள்விகள் கேட்கிறார் என்று இணையத்தில் எழுதிவிட்டார். அக்காவின் கணவர் கோபித்துக்கொண்டு அதை என்னிடம் காட்டினார். நான் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன்.

“விசித்திரம்னா நல்லதா கெட்டதா?”

“ரெண்டுமில்லீங்கக்கா.”

“அப்ப இருக்கட்டும்.”

ஒருநாள் நானே செல்போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வால்நட்சத்திரம் இல்லை, அந்தக் காலத்தில் பல வந்திருக்கின்றன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தவை என்று பார்த்தால் அக்காவின் கதைக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று 1843இல். இன்னொன்று பதினைந்து வருஷம் கழித்து, 1858இல். மாதம் போட்டிருக்கவில்லை. அப்படியே திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவித்து ஆணை வந்தது எப்போது என்றும் பார்த்தேன். 1855. பூட்டி பார்க்காமல் விட்டது முதல் நட்சத்திரம் என்றால் அப்போது ஆணையே இல்லை, அத்தை சொன்னது சரி. இரண்டாவது என்றால் அப்பா சொன்னதுபோல அவள் விடுதலையாகி நடந்து வந்திருக்கலாம்.

அக்காவிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“ரெண்டுல எதுக்குத் தலை இல்ல?”

அதை என்னால் சொல்ல முடியவில்லை. 1858இல் வந்ததற்கு ஓவியங்கள் கிடைத்தன. பளிச்சென்ற தலை, இறகுபோல வளைந்த வால். ஆனால் நம் பக்கத்தில் அது எப்படித் தெரிந்தது என்று யாருக்குத் தெரியும்? மேகம் மறைத்திருக்கலாம், மலை மறைத்திருக்கலாம்.

“பாப்போம். தெரிஞ்சவங்க யாராச்சும் வருவாங்க” என்று எழுந்து போனார்.

அந்த வருஷம் அவர் மகளுக்கு வரன் வந்தது. பெண் அப்போது கோட்டயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் அங்கேயே லேப் டெக்னீஷியன். இருவருக்கும் பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொன்னார்கள். பையன் வீடு நாகர்கோவில் பக்கம். பேச வந்தவர்களில் பையனின் பெரியப்பா ஒருவர் இருந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே விசாரித்தார்.

“பூர்வீகம் எங்க பக்கம்தான்னு சொன்னாவ. எந்த ஊரு? என்ன குடும்பம்?”

அக்காவின் கணவர் ஏதோ சொல்லி மழுப்பினார். பெரியப்பா விடவில்லை. யாரிடமோ விசாரித்திருக்கிறார்.

“களத்துலேருந்து ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போன ஒருத்தி வழின்னு கேள்விப்பட்டேன். எவன்கூட ஓடினாளோ, யார் கண்டா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட வந்தவர்கள் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

பெண் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா காலி டம்ளர்களை எடுத்துக் கழுவினார்.

அதன்பிறகு அக்கா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பெல்ஜியத்திலிருந்து இரண்டு பேர் வந்து தங்கிப் போனார்கள். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாப்பாடு வைத்தார், படுக்கை விரித்தார், சிரித்து வழியனுப்பினார். என்னைக் கூப்பிடவே இல்லை. நான் கடை வாசலில் நின்று அவர் வராந்தாவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் வந்து கையைப் பிடித்து இழுக்க மாட்டாரா என்று இருக்கும்.

பையன் பிடிவாதமாக இருந்ததால் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். ஆனால் பெரியப்பாவும் வருவார் என்று சேதி. அந்த வாரம்தான் டாஸ்மேனியாவிலிருந்து ஒரு அம்மாள் தனியாக வந்து தங்கினார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் தீவு. ஓய்வு பெற்ற நூலகர். ஏலக்காய் வாங்க எங்கள் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, யாரும் கேட்கச் சொல்லாமல், நானே கேட்டுவிட்டேன்.

“தலையில்லாமல் வால் மட்டும் தெரிந்த ஒரு வால்நட்சத்திரம்...”

நான் முடிக்கவே இல்லை.

“நாற்பத்து மூன்று. மார்ச்” என்றார்.

கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் ஊர்ப் பழைய பத்திரிகைகளில் படித்திருக்கிறார். தலை சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் சூரியனோடு அதுவும் அடிவானத்தில் முழுகிவிடும். சூரியன் மறைந்ததும் வால் மட்டும் நேராக, வெள்ளைக் கோடாக மேற்கே எழுந்து நிற்கும். ஜனங்கள் மாலை மாலை வெளியே வந்து பார்த்தார்களாம்.

நான் அக்காவை அழைத்து வர ஓடினேன். இந்த முறை நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மாளைத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். மார்ச் என்றால் மாசிக் கடைசி, பங்குனி. அறுப்புக் காலம். விடுதலை ஆணைக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால்.

அக்கா கடையின் மர ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பயந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பெரியப்பா சொன்னதில் பாதியை அல்லவா நான் உறுதிப்படுத்தியிருக்கிறேன்?

அக்கா அந்த அம்மாளிடம் கேட்கச் சொன்னார்: “அப்ப உங்க வீட்டு ஆளு யாராச்சும் அதைப் பாத்தாங்களா?”

“பார்த்திருப்பாள். என் பூட்டிக்கும் மேலே ஒருத்தி. அவள் அப்போது அங்கே கைதி” என்றார் அந்த அம்மாள். இங்கிலாந்தில் துணி திருடினாள் என்று கப்பலில் ஏற்றி, உலகத்தின் அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டார்கள். “என் அம்மா காலத்தில் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். குடும்பத்தில் கைதி என்றால் அவமானம். இப்போது நாங்கள் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்தால் ஊருக்கெல்லாம் சொல்கிறோம்.”

“ஏன் சொல்லுதாங்க?”

“அவள் பிழைத்தாள். அதனால்தான் நான் இருக்கிறேன். இதில் நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

“அப்ப யாரும் அவளை விடல, என்ன? சோறு போட்டு அனுப்பல. துணி குடுக்கல. அவளாத்தான் வந்தா.”

“ஆமாங்கக்கா.”

“அத்தை உசிரோட இல்லாமப் போச்சே.”

நிச்சயதார்த்தம் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஹாலில் நடந்தது. அக்காவின் கணவர் முந்தின நாளே, “நாளைக்கு ஒரு நாள் அந்த வால்நட்சத்திரத்தைக் கட்டிப் போடு தாயி” என்று கும்பிட்டிருந்தார். அக்கா தலையாட்டினாராம். போதகர் ஜெபம் முடித்து உட்கார்ந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு நாலு பேர் கேப்பான். பொண்ணு வீட்டுப் பூர்வீகத்தை இன்னும் தெளிவாச் சொல்லலியே.”

அக்காவின் கணவர் தரையைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றார். மெதுவான குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

“தெளிவாவே சொல்லுதேன் அண்ணாச்சி. எங்க பூட்டி அடிமை. விலைக்கு வாங்கின ஆளு. ஓடித்தான் வந்தா. எவன்கூடயும் ஓடல. பெத்த பிள்ளையை வேற எடத்துக்குக் குடுக்கப் பாத்தாங்க, அதைத் தூக்கிக்கிட்டு ஓடினா. அடிமையை விடணும்னு சர்க்காருக்குத் தோணுறதுக்குப் பன்னெண்டு வருஷம் முந்தியே அவளுக்குத் தோணிருச்சு. இதுல மறைக்க ஒண்ணுமில்ல. பிடிச்சா பூ வைங்க. பிடிக்கலேன்னா சாப்பிட்டுட்டுப் போங்க.”

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். பெண் தலை குனியவில்லை, தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் எழுந்திருக்கப் பார்த்தான். அதற்கு முன் அவன் அம்மா பேசினார். அவர் ஒல்லியான பெண். இரண்டு சந்திப்பிலும் வாயே திறக்காதவர்.

“பிள்ளையை எப்படித் தூக்கிக்கிட்டுப் போனா?”

“இடுப்புல வச்சு மயினி.”

“மலை வழியாவா? தனியாவா?”

“தனியாத்தான்.”

“அது பொழச்சுதா?”

அக்கா மகளின் தோளில் கை வைத்தார். “பொழைக்கலேன்னா இவ ஏது?”

பையனின் அம்மா யாரையும் கேட்கவில்லை. தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கிட்ட வா பிள்ள” என்றார்.